கல்லும் ஒப்பாரியும்: திண்டுக்கல் சமவெளியில் இரங்கலின் வரலாறு

பிறந்தார் இறத்தல் உலகத்து இயற்கை. எனினும் இறந்தாரைப் பற்றி இருப்பார் பேசிய முறை எல்லாக் காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. சிலர் கல்லை நட்டனர். சிலர் பாட்டை இசைத்தனர். சிலர் புதைகுழியில் நெல்லை வைத்தனர். ஒருவரை இழந்த வீட்டார் அவரை எந்தச் சொல்லால் நினைத்தனர், அச்சொல்லை யார் கேட்டனர், அவற்றுள் எது நின்றது, எது அழிந்தது என்னும் வினாக்கள் அரசர் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. ஆனால் மக்களின் அகவரலாறு பெரிதும் இவ்வினாக்களுக்குரிய விடைகளிலேயே அடங்கியுள்ளது.

ஒருபுறம் பழனி மலைத்தொடரும் மறுபுறம் சிறுமலையும் காவல் நிற்க, இடையே விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி இத்தகைய ஆய்வுக்குப் பெரிதும் ஏற்ற நிலம். 1985ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியிலும், அதனை ஒட்டிய வைகைக் கரையிலும், ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இரங்கலின் சுவடுகள் கிடைத்துள்ளன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. கல்லில் இறந்தவரின் பெயர் உண்டு. அவரை இழந்து அழுதவரின் குரல் இல்லை. ஒப்பாரியில் அழுதவரின் குரல் உண்டு. இறந்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே விழுந்த இடைவெளியே இச்சமவெளியின் இரங்கல் வரலாறு எனலாம்.

நெல்லோடு புதைத்த கைகள்

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. பொருந்தில் இளங்கீரனார் என்னும் சங்கப் புலவரின் ஊர் இதுவே என்று கருதுவோர் உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் கா. இராசன் தலைமையில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் இவ்வூரில் அகழாய்வு நடைபெற்றது. அங்குத் திறக்கப்பட்ட பெருங்கற்காலக் கல்லறை ஒன்றில் நான்கு கால்களையுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. பானையைத் தாங்கும் பிரிமனை ஒன்றில் ‘வயிர’ என்னும் சொல் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்நெல்லை அறிவியல் முறையில் ஆய்ந்தபோது அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. எழுத்தின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், கல்லறையின் பழமையை எவரும் மறுப்பதில்லை.

தொல்லியலார் இக்கண்டுபிடிப்பை எழுத்தின் வரலாற்றுக்குச் சான்றாகக் கொண்டனர். இரங்கலின் வரலாற்றுக்கும் அது சான்றேயாகும். அறுவடைக்குப் பின் சேமித்த நெல்லிலிருந்து ஒரு பங்கை எடுத்து, உண்ண வாராத ஒருவருக்கென்று சாடியில் நிறைத்து, மண்ணுக்குள் வைத்த கைகள் யாருடையவையோ! இறந்தவர் பசியாறட்டும் என்னும் எண்ணம் அங்கே சொல்லாக நிற்காமல் செயலாக நிற்கிறது. கருமாதியின்போது மறைந்தவருக்குப் பிடித்தமான பலகாரங்களைப் படைக்கும் வழக்கம் இச்சமவெளியின் வீடுகளில் இன்றும் காணப்படுகிறது. ‘அவருக்கு அதிரசம் என்றால் உயிர்’ என்று சொல்லிக்கொண்டே இலையில் வைக்கும் மனைவியும், பொருந்தல் சாடியில் நெல்லிட்ட முகமறியா உறவினரும் ஒரே மொழியைப் பேசுகின்றனர். இறந்தவரை நினைப்பதில் முதற்படி அவருடைய விருப்பத்தை நினைப்பது.

ஆனால் ‘வயிர’ என்பது அக்கல்லறையில் உறங்கியவரின் பெயர்தானா, பாண்டத்துக்கு உரியவரின் பெயரா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இறந்தவரைப் பெயர் சொல்லி நினைக்கும் வழக்கத்தை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுபவை நடுகற்களே.

பெயர் தாங்கிய கல்

2006ஆம் ஆண்டு, வைகைக் கரையில் ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை என்னும் ஊரில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கி.மு. காலத்தவை. இந்தியாவில் இதுவரை கிடைத்த எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழையனவாக அவை மதிக்கப்படுகின்றன. அதே ஆற்றுவெளியில், திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்துத் தாதப்பட்டியிலும் தமிழ் பிராமி எழுத்துடைய நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. ஆகவே, தமிழர் தம் இறந்தாருக்காகக் கல்லில் எழுதிய தொன்மையான சொற்கள் இச்சமவெளியின் ஓரத்திலேயே கண்டெடுக்கப்பட்டன என்பது இவ்வட்டாரத்தார் நினைவில் கொள்ளத்தக்க செய்தியாகும்.

புலிமான்கோம்பைக் கல்லொன்றின் வாசகம் மிகச் சுருக்கமானது. அது கல் என்கிறது. பேடு தீயன் அந்தவன் என்று இறந்தவரைக் குறிக்கிறது. கூடல் ஊர் ஆகோள் என்று அவர் பட்ட நிகழ்ச்சியைச் சொல்கிறது. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியம் வெட்சித்திணையுள் வைத்துப் பேசும் அதே சொல் இங்குக் கல்லில் நிற்கிறது. இன்னார், இவ்வூர், இப்பூசல் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அவன் வீரன் என்ற புகழ்ச்சி இல்லை. ஐயோ என்ற அரற்றல் இல்லை. நட்டவர் யார் என்ற குறிப்பும் இல்லை.

இச்சுருக்கத்தை உணர்ச்சியின்மை என்று கொள்ளலாகாது. உளி எடுத்துக் கல்லில் ஓர் எழுத்தைப் பொறிப்பது எளிய செயலன்று. எழுத்தறிந்தோர் சிலரே வாழ்ந்த காலத்தில், ஒரு கால்நடைப் பூசலில் மாண்டவனுக்காக அவ்வுழைப்பை மேற்கொள்ளச் செய்த பற்று பெரிதாகவே இருந்திருக்க வேண்டும். துயரத்தில் ஆழ்ந்தவர் முதலில் சொல்லும் சொற்களும் இவைபோல்வனவே. இறப்புச் செய்தி கொண்டுவருவோரிடம் எவரும் கேட்பது யார், எங்கே, எப்படி என்னும் மூன்று வினாக்களைத்தாம். அம்மூன்றிற்குரிய விடையே அக்கல்லின் முழு வாசகம்.

பிற்காலத்து நடுகற்கள் இவ்வளவில் நிற்கவில்லை. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், வில்லேந்திய உருவமும் இடம்பெற்றன. நடுகல்லில் பெயர் பொறித்து மயிற்பீலி சூட்டிய வழக்கத்தைப் புறநானூறும் அகநானூறும் குறிப்பிடுகின்றன. அதே அகநானூறு மற்றொன்றையும் காட்டத் தவறவில்லை. வழிநடைக் களைப்போடு செல்வோர், எழுத்து மங்கிய நடுகல்லை முழுதும் படித்தறிய மாட்டாமல் விட்டுச் செல்கின்றனர். கல்லும் நிலையன்று என்பதனைச் சங்கப் புலவர் அன்றே அறிந்திருந்தனர்.

புலவர் வகுத்த துறைகள்

கல் சொல்லாமல் விட்டதைப் புலவர் சொன்னர். தொல்காப்பியர் நடுகல் வழிபாட்டைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாகப் பகுத்தார். அத்துடன் நில்லாமல், இழந்தவரின் நிலையையும் உறவுமுறை நோக்கி வேறுபடுத்தினார். கணவனை இழந்தவள் நோற்றிருக்கும் நிலை தாபதநிலை. மனைவியை இழந்தவன் தனித்திருக்கும் நிலை தபுதாரநிலை. சுரத்திடைக் கணவனை இழந்தவளின் புலம்பல் முதுபாலை. தலைவனை இழந்த சுற்றத்தாரும் புலவரும் செயலற்று நிற்பது கையறுநிலை. இறந்தவர் யார் என்பதைக் காட்டிலும், இழந்தவர் அவருக்கு என்ன முறை என்பதே இத்துறைகளின் அடிப்படை. துயரம் பொதுவானதன்று, அஃது உறவுக்கு உறவு வேறுபடும் என்னும் நுண்ணறிவை இலக்கணமாக்கியவர் தமிழர்.

புறநானூற்றில் இத்துறைகளுக்குரிய பாட்டுகள் பல உள்ளன. பெருங்கோப்பெண்டு என்னும் தன் மனைவியை இழந்த சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை, அவள் எரியுண்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி நொந்து பாடுகிறான். தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிர், நிலவைக் கண்டு தம் இழப்பை அளக்கின்றனர். அதியமானை இழந்த ஔவையாரோ அவன் செய்த சிறு சிறு நற்செயல்களைத் தனித்தனியே எடுத்துரைக்கின்றார். பாடியவர் பெயர் தெரியாத முதுபாலைப் பாட்டு ஒன்றில், சுரத்திடைக் கணவனை இழந்தவள் ஊர்க் குயவனை நோக்கி, ஈமத்தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். பொருந்தலிலும் ஆதிச்சநல்லூரிலும் புதைகுழிகளைத் திறந்து கண்டோர்க்கு அவ்வேண்டுகோள் வெறும் கற்பனையாகத் தோன்றாது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். மாக்கோதையும் பாரி மகளிரும் தம் துயரைத் தாமே பாடினர். அவர்களுடைய பெயர்களும் நின்றன. குயவனிடம் வேண்டியவளின் பெயரோ, அவள் கணவனின் பெயரோ, பாடியவரின் பெயரோ நிற்கவில்லை. அரச குடியினரின் துயரம் பெயரோடு நிற்க, எளியோரின் துயரம் பெயரின்றித் துறைக்குள் அடங்கிற்று.

மாலைக்கோயில்கள்

நடுகல்லில் அழுதவர்க்கு இடமே கிடைக்கவில்லையா என்னும் வினா எழலாம். கிடைத்ததுண்டு, அதன் விலை உயிர்.

மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களில் மாலைக்கோயில் என்று வழங்கப்பெறும் நினைவுக் கற்கள் உள்ளன. கம்பளத்து நாயக்கர் முதலிய சமூகத்தார் தம் முன்னோர்க்குரிய கோயிலாக அவற்றை வழிபடுகின்றனர். அக்கற்களுள் சிலவற்றில் ஆணுருவத்தின் அருகே கையை உயர்த்திய பெண்ணுருவமும் காணப்படும். கணவனோடு தீப்பாய்ந்தவளை அது குறிக்கும். தீப்பாய்ந்த அம்மன் என்னும் பெயரோடு ஊர்ப்புறங்களில் வழிபடப்படும் தெய்வங்கள் பலவற்றின் பின்னணியும் இதுவே. அழுதுகொண்டு வாழ்ந்தவளுக்குக் கல் இல்லை. அழுகையை நிறுத்திக்கொண்டு எரிபுகுந்தவளுக்கே கல் எழுந்தது. பெருங்கோப்பெண்டு என்ற பெயரையே தாங்கிய மற்றொருத்தியான பூதப்பாண்டியன் தேவி, தன்னைத் தடுத்த சான்றோரை மறுத்துப் பாடிய பாட்டு இவ்வழக்கத்தின் தொன்மையைக் காட்டும். உடன்கட்டை ஏறுதல் வங்காளத்தில் 1829ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் 1830ஆம் ஆண்டிலும் சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

இளமையில் மறைந்த கன்னிப் பெண்ணைக் குடும்பத்தார் வீட்டுத் தெய்வமாக்கி, ஆண்டுதோறும் அவளுக்கென்று புதுச் சேலை எடுத்துப் பெட்டியில் வைத்துப் படைக்கும் வழக்கம் தென்மாவட்டங்களில் பரவலாக உண்டு. அங்கே கல் இல்லை, எழுத்து இல்லை. தலைமுறைகள் கடந்தபின் அவள் பெயரும் மறந்துவிடும். சேலை மட்டும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருக்கும். அவள் உடுத்தாமற்போன ஆடைகளை அவளுடைய உடன்பிறந்தாரின் பேரப்பிள்ளைகளும் எடுத்து வைப்பர். நினைவுக்குப் பெயர் தேவையில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

விருப்பாட்சியில் எட்டாண்டுகள்

கல்லும் கோயிலும் எழுப்பப்படாத துயரம் வேறு வழிகளில் வெளிப்படும். அதற்கு இம்மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு.

1772ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காளையார்கோயிலில் நிகழ்ந்த போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் ஆங்கிலேயப் படையால் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சியோடும் அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர் முதலியோரோடும் தப்பி, ஒட்டன்சத்திரத்தை அடுத்த விருப்பாட்சிக்கு வந்து சேர்ந்தார். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். திண்டுக்கல் கோட்டை அந்நாளில் மைசூர் ஐதர் அலியின் ஆளுகையில் இருந்தது. 1772 டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்கு எழுதிய மடலில், 5,000 குதிரைப் படையும் 5,000 காலாட்படையும் வேண்டினார். எட்டாண்டுகள் கழிந்தன. 1780ஆம் ஆண்டு வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். 1796ஆம் ஆண்டு மறைந்தார்.

வரலாற்று நூல்களில் இவ்வெட்டாண்டுகள் படைக்கணக்காகவே நிற்கின்றன. கணவனை இழந்த ஒருத்தி, தந்தையை இழந்த சிறுமியோடு அயலூரில் எட்டாண்டு வாழ்ந்தாள் என்பது அக்கணக்கில் வருவதில்லை. அவ்வன்னை தன் மகளிடம் அவள் தந்தையைப் பற்றி என்ன பேசினார் என்பதனை எந்த மடலும் சொல்லாது. ஆனால் மக்கள் வழக்காறு வேறொன்றைக் காத்து வைத்துள்ளது. அரசி சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து உடையாள் என்னும் பெண் வெட்டுண்டு மாண்டாள் என்றும், பின்னாளில் வேலு நாச்சியார் தம் பெண்கள் படைக்கு அவள் பெயரையே சூட்டினார் என்றும், தம் தாலியை அவள் நினைவிடத்திற்குக் காணிக்கையாக்கினார் என்றும் சிவகங்கைச் சீமையில் சொல்லப்படுகிறது. கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலோடு இச்செய்தி இணைத்துப் பேசப்படுகிறது.

இது வழக்காறுதான், கல்வெட்டன்று. எனினும் அதன் உட்பொருள் நோக்கத்தக்கது. கணவனின் நினைவாகக் கழுத்தில் இருந்ததை, தனக்காக உயிர்நீத்த மற்றொருத்தியின் நினைவுக்கு அளிக்கிறாள் ஒருத்தி. இரண்டு இழப்புகளை ஒரே செயலில் பேசுகிறாள். மக்கள் தம் அரசியின் துயரத்திற்குத் தாமே ஒரு மொழியை ஆக்கிக் கொடுத்தனர் என்று கொள்வதே பொருத்தம். அடைக்கலம் தந்த கோபால நாயக்கரும் பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்து 1801ஆம் ஆண்டு திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். நகரிலுள்ள கோபாலசமுத்திரக் குளத்தை அந்நிகழ்ச்சியோடு இணைத்து ஊரார் இன்றும் பேசுவர்.

ஊரான ஒரு பெயர்

திண்டுக்கல் நகரின் பேகம்பூர்ப் பகுதியும் இத்தகையதே. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அமீருன்னிசா பேகத்தின் கல்லறை இருக்கிறது. அவர் ஐதர் அலியின் உடன்பிறந்தவர் என்பர். கோட்டையின் ஆளுநராயிருந்த மீர் சாகிபின் மனைவி என்பர். மகப்பேற்றின்போது மறைந்தார் என்றும் கூறுவர். உறவுமுறை பற்றிய செய்திகள் நூலுக்கு நூல் சற்றே வேறுபடினும், அவர் பெயராலேயே பேகம்பூர் எழுந்தது என்பதில் வேறுபாடில்லை.

தொல்காப்பியர் சொன்ன தபுதாரநிலை இங்கே பாட்டாக அமையாமல் ஊர்ப்பெயராக அமைந்துவிட்டது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல்லை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார், கோட்டை கைமாறிற்று, ஆண்டோர் சென்றனர். பேறுகாலத்தில் மறைந்த ஒரு பெண்ணின் பெயரை மட்டும் நகரம் விடவில்லை. பூட்டுப் பட்டறைக்கும் தோல் மண்டிக்கும் செல்வோர் அப்பெயரை நாள்தோறும் சொல்கின்றனர். சொல்பவருள் பெரும்பாலோர் அது ஒரு துயரத்தின் பெயர் என்பதை எண்ணுவதில்லை. நினைவு நீடித்து வாழும் முறை இவ்வாறும் அமைவதுண்டு. துயரம் தேய்ந்து, பெயர் நிற்கும்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று திண்டுக்கல் கத்தோலிக்க மக்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து, பூவிட்டு, மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். ஆடி அமாவாசையில் நீர்நிலைகளில் எள்ளும் நீரும் இறைக்கின்றனர் மற்றொரு சாரார். பள்ளிவாசலை ஒட்டிய அடக்கத்தலங்களில் முன்னோர்க்காக இறைஞ்சி நிற்கின்றனர் இன்னொரு சாரார். சமயம் வேறாயினும் அனைவரும் செய்வது ஒன்றே; ஆண்டில் ஒரு நாளேனும் இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லுதல்.

ஒப்பாரி

இனி, பெயரில்லாக் குரலுக்கு வரலாம். ஒப்பாரி, பிலாக்கணம், மாரடிப்பாட்டு எனப் பலவாறாக வழங்கும் அழுகைப் பாட்டு பெண்களின் கலை. ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்பது இச்சமவெளியின் வழக்கு. ஒப்பு என்பது உவமை. இறந்தவரை ஒன்றோடு ஒப்பிட்டு அழுவதால் இப்பெயர் வந்தது என்பர். துக்க வீட்டிற்கு வரும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து, வாயிலில் நிற்கும் பெண்களைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் சேர வட்டமாக அமர்ந்து அழுவர். ஒருத்தி அடியெடுக்க மற்றவர் ஈற்றில் இணைவர். அழுபவளின் மூச்சு நிற்குமிடமே அடியின் எல்லை.

இப்பாட்டில் இறந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. என்னைப் பெற்றவளே, என் ஐயா, என் ராசா என்று முறையிட்டே அழைப்பர். கணவனின் பெயரை வாயாற் சொல்லாத வழக்கமுடைய சமூகத்தில், அவன் இறந்த நாளிலும் மனைவி அப்பெயரைச் சொல்லுவதில்லை. கல்லில் பெயரைப் பொறித்தவர்க்கும் வாயில் பெயரை ஏற்காதவர்க்கும் உள்ள வேறுபாடு இதுதான். கல்லுக்கு அவன் இன்னான். அவளுக்கு அவன் இன்ன முறை.

அவ்வழுகையின் பொருளும் எண்ணத்தக்கது. தாய் இறந்தபோது மகள் பாடும் ஒப்பாரியில் தாயின் புகழைவிடப் பிறந்த வீட்டின் கதவு சாத்தப்பட்ட செய்தியே மிகுதியாக வரும். இனி மதினி வரவேற்பாளா, அண்ணன் சீர் கொண்டு வருவானா, ஆடிக்கு அழைப்பார் யார் என்றெல்லாம் கேட்டு அழுவாள். தந்தையை இழந்தவள் நிழல்மரம் சாய்ந்தது என்பாள். கைம்பெண் தன் எதிர்கால நாட்களை எண்ணியழுவாள். இறந்தவர் வீட்டில் நாடோறும் சொல்ல முடியாத குறைகளை அன்று மட்டும் சொல்லலாம். அழுகை என்பதால் யாரும் தடுப்பதில்லை.

தமிழகத்து ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்கு, இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெண்கள் தம் சொந்தத் துயரங்களையே அங்குப் பாடுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் எத்தகையவராய் இருந்தார் என்பதனை, அவரில்லாமல் எது இல்லாமற்போயிற்று என்பதைச் சொல்லித்தான் விளக்க இயலும். இனி ஆடிக்கு அழைப்பார் இல்லை என்று அழுபவள், தன் தாய் ஆடிதோறும் தன்னை அழைத்தாள் என்பதையே கூறுகிறாள். தன்னிரக்கம் போலத் தோன்றும் அப்பாட்டு, தாயின் வாழ்க்கை வரலாறுமாகும்.

பெண்களின் இவ்வுரத்த அழுகையை ஆள்வோர் எங்கும் விரும்பியதில்லை. கிரேக்கத்தில் ஏதென்சு நகரின் சட்டம் வகுத்த சோலோன், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, துக்க நாளில் பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொள்வதையும் கட்டிய புலம்பல்களைப் பாடுவதையும் தடை செய்தார் எனப் புளூட்டார்க் எழுதுகிறார். அயர்லாந்தின் ஒப்பாரியைத் திருச்சபையார் நெடுங்காலம் கண்டித்து வந்தனர். தமிழ்நாட்டில் சட்டம் ஏதும் வரவில்லை; ஏளனம் வந்தது. ‘கூலிக்கு மாரடித்தல்’ என்னும் தொடர் போலி உழைப்புக்குப் பெயராயிற்று. உண்மையில் கூலிக்கு மாரடிக்க அழைக்கப்பட்டோர் ஒடுக்கப்பட்ட மக்களே. மேலோர் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்கவும் பாடவும் அவர்கள் கடமைப்பட்டிருந்தனர். அவர்தம் வீட்டுத் துயரை மேலோர் வந்து பாடியதில்லை. இரங்கலிலும் சாதி இருந்தது என்பதை வரலாறு மறைக்கலாகாது.

சுவரொட்டியின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கற்றோர் வீடுகளில் ஒப்பாரியின் இடத்தைச் சரமகவியும் இரங்கற்பாவும் பெற்றன. ஆசிரியரையோ புரவலரையோ இழந்த புலவர் வெண்பாவும் விருத்தமும் பாடி, சிறு வெளியீடாக அச்சிட்டு வழங்கினர். வீட்டுக்குள் அதே நேரத்தில் பெண்கள் பாடிய ஒப்பாரியை அச்சிட வேண்டுமென்று பெரும்பாலும் எவருக்கும் தோன்றவில்லை. நாட்டுப்புறப் பாடல்களின் அருமையை உணர்ந்த அறிஞர் சிலரே பின்னர் அதனைத் தேடினர். நா. வானமாமலை தொகுத்த தமிழர் நாட்டுப் பாடல்கள் போன்ற தொகுப்புகளால் ஒப்பாரி ஏட்டில் ஏறியது.

இன்று திண்டுக்கல் நகரின் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் நாள்தோறும் ஒட்டப்படுகின்றன. படம், பெயர், தோற்றம், மறைவு, கீழே இரங்குவோரின் பெயர்ப்பட்டியல் என அமைவது அவற்றின் முறை. புலிமான்கோம்பைக் கல்லில் இறந்தவரின் பெயர் மட்டும் இருந்தது. ஒப்பாரியில் இழந்தவரின் குரல் மட்டும் இருந்தது. சுவரொட்டியிலோ இருவரின் பெயரும் உண்டு, எவரின் குரலும் இல்லை. மீளாத் துயரம் என்னும் தொடர் எல்லா வீட்டிற்கும் ஒன்றாகவே அச்சாகிறது. துக்க வீட்டில் ஒலிபெருக்கி வைத்துப் பாட அமர்த்தப்பட்ட குழுவினர் பாடுகின்றனர். அதன் ஓசையில், அடியெடுக்க வந்த பேரிளம்பெண்ணின் குரல் எழாமலே அடங்கிவிடுகிறது. கற்ற மகளிர் ஒப்புச் சொல்லி அழுவதை நாணத்தக்கதாகக் கருதத் தொடங்கிவிட்டனர்.

இது பழமையை எண்ணி ஏங்குவதற்குரிய செய்தி மட்டுமன்று. துயருற்றவர்க்குப் பேசுவதற்கு ஒரு முறை வேண்டும். அதைக் கேட்பதற்குச் சுற்றிலும் ஆட்கள் வேண்டும். ஒப்பாரி இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தது. வட்டமாக அமர்ந்த பெண்கள் ஒருவர் துயரை ஒருவர் கேட்டனர். தாயை இழந்தவளின் பாட்டில் பத்தாண்டுகளுக்கு முன் தம் தாயை இழந்தவளும் இணைந்து அழுதாள். பதினாறாம் நாளுக்குப் பிறகு எவரும் பேச்செடுக்காத வீடுகள் பெருகிவரும் இக்காலத்தில், அவ்வட்டத்தின் பயன் தெளிவாகவே உணரப்படுகிறது.

இலக்கிய வட்டங்களும் கவிஞரும் இதில் செய்யத்தக்க பணி உண்டு. ஒப்பாரி அறிந்த மூதாட்டியர் சமவெளியின் சிற்றூர்களில் இன்னும் வாழ்கின்றனர். துக்க வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று நிற்பது முறையன்று. பின்னொரு நாளில், அவர்கள் இசைந்தால், அமர்ந்து கேட்கலாம். கேட்கும்போது பாட்டை மட்டும் எழுதிக்கொள்வது போதாது. பாடியவர் யார், யாருக்காகப் பாடினார், அவருக்கு இவர் என்ன முறை, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பவற்றையும், அவர் விரும்பினால், எழுதி வைத்தல் வேண்டும். புலிமான்கோம்பையில் கல் நட்டவர் இறந்தவனுக்குச் செய்ததும் அவ்வளவே. பெயரையும் ஊரையும் நிகழ்ச்சியையும் அவர் பொறித்தார். அதே சிறப்பு அழுதவளுக்கும் உரியது. கல்லில் ஏறாத அவளுடைய பெயர் ஏட்டிலேனும் ஏறட்டும்.